வா, வாரும், வாருங்கள்: ஐரோப்பியர் எழுதிய இலக்கணங்களும் பெண்களின் பேச்சும்

ஒரு மொழிக்கு இலக்கணம் எழுத உட்காருகிறவர் எழுத்து, சொல், வேற்றுமை என்று தொடங்குவதற்கு முன்பே ஒரு முடிவை எடுத்துவிடுகிறார். யாருடைய பேச்சை மொழி என்று எடுத்துக்கொள்வது, யாருடைய பேச்சைப் பிழை என்று தள்ளுவது என்பதே அந்த முடிவு. அதை அவர் தனியாக எடுப்பதில்லை. அவருக்குச் சம்பளம் தருகிற கம்பெனி, அவரை அனுப்பிய சபை, அவருக்குச் சொல்லிக்கொடுக்க வருகிற வாத்தியாரின் சாதி, அந்த வாத்தியாரை ஏற்பாடு செய்த துபாஷி என்று பலரும் அதில் பங்கு பெறுகிறார்கள். பெண்கள் மட்டும் அந்த இடத்தில் இருப்பதில்லை. இருந்தாலும் அவர்கள் பெயர் நூலில் வருவதில்லை.

பதினாறாம் நூற்றாண்டு முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை ஐரோப்பியர் தமிழுக்கு எழுதிய இலக்கணங்களை வரலாற்று ஆசிரியர்கள் பெரும்பாலும் தமிழ்த் தொண்டு என்ற தலைப்பில் எழுதிவந்திருக்கிறார்கள். அந்தத் தொண்டை மறுப்பது இந்தக் கட்டுரையின் நோக்கமல்ல. அந்த நூல்கள் எந்த அதிகாரத்தின் தேவைக்காகப் பிறந்தன, அந்தத் தேவை தமிழைப் பற்றிய நம் எண்ணத்தை எப்படி மாற்றியது, அதில் பெண்களுக்கு என்ன நேர்ந்தது என்பவையே இங்குள்ள கேள்விகள். கரிக்கலாம்பாக்கம் போன்ற ஒரு புதுச்சேரி கிராமத்திலிருந்து பார்த்தால் இவை தூரத்துக் கேள்விகள் இல்லை. ஊராட்சியை இன்றும் 'கொம்யூன்' என்கிறோம். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவரைச் 'சொல்தா' என்கிறோம். ஆட்சி போய் அறுபது எழுபது ஆண்டுகள் ஆன பிறகும் அதன் சொற்கள் நம் வாயில் இருக்கின்றன.

ஐரோப்பியருக்கு முன்

மொழியையும் அதிகாரத்தையும் வெள்ளைக்காரர்கள்தான் முதன்முதலில் முடிச்சுப் போட்டார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ அரசன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரில் இருந்த வித்யாஸ்தானம் என்ற கல்விச்சாலைக்குச் சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்னும் மூன்று ஊர்கள் தானமாக அளிக்கப்பட்டன. பாகூர்ச் செப்பேடு இதைச் சொல்கிறது. அந்தச் செப்பேட்டில் வடமொழியும் உண்டு, தமிழும் உண்டு. கல்விச்சாலைக்குச் சோறு போட்டது மூன்று ஊர்களின் நிலம். அந்த நிலத்தில் நாற்று நட்டவர்களும் களை எடுத்தவர்களும் அந்தக் கல்விக்கு வெளியே இருந்தார்கள். பெண்களைப் பொறுத்தவரை ஐரோப்பியர் வந்தது திறந்திருந்த கதவை மூடுவதற்காக அல்ல. ஏற்கெனவே மூடியிருந்த கதவுக்கு அவர்கள் இன்னொரு தாழ்ப்பாளும் போட்டார்கள். சில இடங்களில் அந்தக் கதவைச் சற்றே திறந்தும் வைத்தார்கள். இரண்டையும் பார்க்க வேண்டும்.

முத்துக்குளித்துறையில் தொடங்கிய இலக்கணம்

நமக்குக் கிடைத்திருக்கும் ஐரோப்பியரின் தமிழ் இலக்கணங்களில் மிகப் பழையது, போர்ச்சுகீசிய இயேசுசபைத் துறவி அன்றீக்கே அன்றீக்கசு எழுதியது. அதன் காலம் 1549-ஐ ஒட்டியது. அவர் வேலை செய்த இடம் முத்துக்குளித்துறை. முத்து விளையும் கடலைக் கையில் வைத்துக்கொள்ள விரும்பிய போர்ச்சுகீசியருக்கும், பாதுகாப்பு வேண்டிய பரதவருக்கும் இடையே 1530-களில் ஏற்பட்ட உடன்பாட்டின் விளைவாகப் பரதவர் ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். மதம் மாறிய மக்கள் இருந்தார்கள். அவர்களோடு பேச மொழி இல்லை. அந்த இடைவெளியை நிரப்பவே இலக்கணம் தேவைப்பட்டது.

அதிலும் பாவசங்கீர்த்தனம் தனிச் சிக்கல். மொழிபெயர்ப்பாளனை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு ஒரு பெண் தன் மனத்தில் உள்ளதைச் சாமியாரிடம் எப்படிச் சொல்வாள்? இடையில் ஆள் இல்லாமல் கேட்க வேண்டுமானால் சாமியாருக்கே தமிழ் தெரிய வேண்டும். அன்றீக்கசு பின்னாளில், 1580-ல், தமிழில் பாவசங்கீர்த்தன நூல் ஒன்றையும் அச்சிட்டார். ஆகவே இந்த மரபின் தொடக்கத்திலேயே பெண்ணின் குரல் இருக்கிறது. ஆனால் அது கேட்டு, எடைபோட்டு, மன்னிக்கப்பட வேண்டிய குரலாக இருக்கிறது. மொழியைக் கற்றுத்தரும் குரலாக இல்லை.

அன்றீக்கசு தன் நூலுக்குப் போர்ச்சுகீசிய, லத்தீன் இலக்கணச் சட்டகத்தையே எடுத்துக்கொண்டார். தமிழின் வேற்றுமைகளையும் வினைகளையும் அந்தப் பெட்டிகளுக்குள் அடுக்கினார். பொருந்தாத இடங்களில் திணறினார். ஆனாலும் அவர் பதிவு செய்தது ஏட்டுத் தமிழ் இல்லை, கடற்கரையில் பேசிய தமிழ். அந்த அளவில், கரையோர மக்கள் அன்று எப்படிப் பேசினார்கள் என்பதற்கு அது அரிய சான்று.

தரங்கம்பாடி: மணலில் எழுதிய எழுத்து

1706-ல் டென்மார்க் அரசனின் ஆதரவோடு தரங்கம்பாடியில் இறங்கியவர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு மணலில் விரல் வைத்து எழுதித் தமிழ் கற்றவர். அவர் லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-ல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது. இங்கும் அரசியல் நேர்கோட்டில் போகவில்லை. அரசன் அனுப்பிய இந்தப் பாதிரியாரை அதே அரசனின் கொடி பறந்த கோட்டையின் தளபதி நான்கு மாதம் சிறையில் வைத்தான். வியாபாரக் கம்பெனிக்கும் சபைக்கும் நலன்கள் வேறு வேறாக இருந்தன. ஆகவே 'காலனி அரசியல்' என்பதை ஒரே கை, ஒரே திட்டம் என்று எண்ணிவிட முடியாது.

சீகன்பால்கு 1708-ல் ஜெர்மன் மொழியில் பெயர்த்த தமிழ் நூல்களில் ஒன்று கொன்றை வேந்தன். ஒளவையின் பெயரால் வழங்கும் நூல் அது. திண்ணைப் பள்ளிச் சிறுவர்களுக்குத் தமிழின் முதல் பாடங்களில் ஒன்று ஒரு பெண் பெயரால் வந்தது. ஆனால் அந்தத் திண்ணையில் பெண்பிள்ளைகளுக்குப் பொதுவாக இடமில்லை. பெண்ணின் வாக்கைப் பாடமாக ஓதலாம், பெண் மட்டும் ஓதக் கூடாது என்ற இந்த நிலையை மிஷனரி உருவாக்கவில்லை. அவர் வந்தபோதே அது இங்கிருந்தது.

கொடுந்தமிழ் என்ற சொல்லுக்கு நேர்ந்தது

இத்தாலியிலிருந்து வந்த பெஸ்கி பாதிரியாரை நாம் வீரமாமுனிவர் என்று அறிவோம். அவர் லத்தீனில் இரண்டு இலக்கணங்கள் எழுதினார். கொடுந்தமிழ் இலக்கணத்தை 1728-ல் முடித்தார். செந்தமிழ் இலக்கணம் 1730-ஐச் சேர்ந்தது. முதல் நூல் 1738-ல் தரங்கம்பாடியில் அச்சானது. கத்தோலிக்கத் துறவியின் நூலை, அவரோடு கடுமையாக வாதாடிய லுத்தரன் மிஷனின் அச்சகமே வெளியிட்டது. பேச்சுத் தமிழ் அவ்வளவு அவசரத் தேவையாக இருந்தது.

கொடுந்தமிழ் என்ற சொல்லை இங்கே கவனிக்க வேண்டும். பழைய உரையாசிரியர்களிடம் அது இடத்தைக் குறித்தது. செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த நாடுகளின் வட்டார வழக்கு என்பது அதன் பொருள். பெஸ்கியின் இரட்டை இலக்கணத்தில் அது தரத்தைக் குறிக்கும் சொல்லாகிறது. ஒன்று புலவரின் உயர்ந்த மொழி, மற்றது எல்லாரும் பேசும் மொழி. இலக்கியத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் உள்ள தூரத்தை அவர் கற்பனை செய்யவில்லை. அது உண்மையிலேயே இருந்தது. ஆனால் லத்தீனுக்கும் ஐரோப்பாவின் பேச்சு மொழிகளுக்கும் இருந்த உறவை மனத்தில் வைத்திருந்தவர்களுக்கு, இந்தத் தூரம் மேல் கீழ் என்ற ஏணியாகத் தெரிந்தது.

அந்த ஏணியின் கீழ்ப்படியில் யார் நின்றார்கள்? ஏட்டுக் கல்வி மறுக்கப்பட்ட எல்லாரும் நின்றார்கள். எல்லாச் சாதிகளிலும் பெண்கள் பெரும்பாலும் அந்தப் படியில்தான் நின்றார்கள். ஆண்களில் ஒரு சிறு பகுதிக்கு இரண்டு தமிழும் கைவந்தன. பெண்களுக்குப் பேச்சுத் தமிழ் ஒன்றே வாய்த்தது. ஆகவே 'கொடுந்தமிழ்' கீழானது என்று ஆனபோது, பெண்களின் முழு மொழியும் கீழானதாயிற்று. பின்னால் கம்பெனி அதிகாரிகள் படித்ததும் இந்த நூல்களைத்தான். செந்தமிழ் இலக்கணத்தைப் பாபிங்டன் ஆங்கிலத்தில் பெயர்த்து 1822-ல் சென்னைக் கல்லூரி அச்சகத்தில் வெளியிட்டார்.

இலக்கணம் இல்லாமல் தமிழ் பேசிய சீமாட்டி

அதே பதினெட்டாம் நூற்றாண்டில் புதுச்சேரியில் ஒரு பெண் இலக்கண நூல் எதுவும் இல்லாமலே தமிழ் பேசினார். அவர் ழான் ஆல்பேர். 1706-ல் புதுச்சேரியில் பிறந்தவர். தந்தை கம்பெனி மருத்துவர். தாய் ரோசா தெ காஸ்த்ரோ, போர்ச்சுகீசிய-இந்திய வழி வந்தவர். பதின்மூன்று வயதில் வான்சான் என்ற வியாபாரிக்கு மணமுடிக்கப்பட்டு, விதவையாகி, 1741-ல் துய்ப்ளேக்ஸை மறுமணம் செய்துகொண்டார். வீட்டு வேலைக்காரிகளும் ஆயாக்களும் புழங்கிய தமிழில் வளர்ந்த இவர், கவர்னரின் மனைவியானபோது அந்தத் தமிழ் அரசியல் கருவியாயிற்று. 1748-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது ஒற்றர்களை வைத்து வேலை வாங்கினார். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 'மதாம்' தலையீட்டைப் பற்றிய கசப்பால் நிறைந்திருக்கிறது.

அந்தக் கசப்புக்குக் காரணங்கள் உண்டு. முற்றுகைக் காலத்தில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதில் மதாமுக்குப் பங்கு உண்டு என்று பிள்ளை எழுதுகிறார். ழானைப் பெண்விடுதலையின் முன்னோடியாக நாம் தூக்கிப்பிடிக்கத் தேவையில்லை. அவர் ஆளும் கூட்டத்தின் பெண். ஆனால் இன்னொன்றும் அந்தக் கசப்பில் இருக்கிறது. துபாஷியின் வேலையே கவர்னருக்கும் ஊருக்கும் நடுவே நிற்பது. கவர்னரின் மனைவி நேரடியாகத் தமிழ் பேசினால் அந்த நடு இடம் ஆட்டங்காணும். சமையல்கட்டில் பெண்கள் கற்றுக்கொடுத்த மொழி அரசவைக்கு வந்தபோது, ஆண்கள் காத்துவந்த வாசலைச் சுற்றிக்கொண்டு வந்தது. ழானுக்குத் தமிழ் கற்றுக்கொடுத்த அந்த வேலைக்காரிகளின் பெயரை எந்த ஆவணத்தின் முன்பக்கமும் சொல்வதில்லை.

துய்ப்ளேக்ஸ் காலத்தில்தான், 1749-ஐ ஒட்டி, சந்தா சாகிப் உறவின் பலனாக வில்லியனூர், பாகூர்ப் பகுதிகள் பிரெஞ்சுக் கம்பெனியின் கைக்கு வந்தன. கடற்கரைப் பட்டணத்தில் துணி வாங்கி விற்றவர்களுக்கு இப்போது நெல் விளையும் கிராமங்களில் வரி வாங்கும் வேலை வந்தது. துணி வியாபாரத்துக்கு ஒரு துபாஷி போதும். குத்தகை, கிஸ்தி, ஏரிப் பாசனம், வாரம் என்று வந்துவிட்டால் மொழி இன்னும் ஆழமாக வேண்டும்.

இந்துஸ்தானி: கட்டளையின் இலக்கணம்

இந்தக் கதை தமிழுக்கு மட்டும் உரியதல்ல. இந்துஸ்தானிக்கு நமக்குத் தெரிந்த முதல் ஐரோப்பிய இலக்கணத்தை எழுதியவர் டச்சுக் கம்பெனியின் அலுவலர் யோவான் யோசுவா கெட்டலார். காலம் 1698 வாக்கில். லத்தீனில் அது வெளிவந்தது 1743-ல். கெட்டலார் பின்னர் முகலாய அரசவைக்குத் தூதராகப் போனவர். அடுத்து வந்தவர் தரங்கம்பாடியிலிருந்து சென்னைக்குப் போன பெஞ்சமின் ஷூல்ட்சே. சென்னையில் இருந்துகொண்டு 1741-ல் அவர் எழுதிய இந்துஸ்தானி இலக்கணம் 1745-ல் ஹாலேயில் அச்சானது.

1772-ல் லண்டனில் வெளிவந்த ஜார்ஜ் ஹாட்லியின் இலக்கணம் வேறு வகை. வங்காளத்தில் சிப்பாய்ப் படைக்குத் தலைமை தாங்கியவர் அவர். தன் சிப்பாய்களுக்கு உத்தரவு கொடுக்கத் தொடங்கிய முயற்சியே நூலானது. பாளையத்திலும் பங்களாவிலும் வெள்ளைக்காரனுக்கு வேண்டிய மொழி ஏவல் மொழி: கொண்டு வா, எடுத்துப் போ, நில், வாயை மூடு. 1800-ல் கல்கத்தாவில் வில்லியம் கோட்டைக் கல்லூரியும், அங்கே ஜான் கில்கிறிஸ்டின் இந்துஸ்தானி வகுப்பும் வந்தபோது இந்தத் தேவை நிறுவனமாயிற்று. வரலாற்று மானிடவியலாளர் பெர்னார்டு கோன் இதை ஆராய்ந்து, மொழியை ஆள்வதும் மொழியால் ஆள்வதும் சேர்ந்தே நடந்தன என்று காட்டினார்.

இந்த வகுப்பறைக்கு வெளியே இன்னொரு வகுப்பு நடந்தது. கம்பெனி அதிகாரிகள் பலர் இந்தியப் பெண்களைத் துணையாக வைத்துக்கொண்டார்கள். அப்படிப்பட்ட பெண்ணை 'படுக்கை அகராதி' என்ற பொருளில் கேலியாகச் சொல்லும் தொடர் காலனி ஆங்கிலத்தில் உண்டு. மொழி சொல்லிக்கொடுத்தாள் என்பதை அந்தத் தொடரே ஒப்புக்கொள்கிறது. அதே மூச்சில் அவளை மனுஷியிலிருந்து பொருளாகவும் ஆக்கிவிடுகிறது. முன்ஷிக்குச் சம்பளம் உண்டு, சிலசமயம் முன்னுரையில் ஒரு நன்றியும் உண்டு. அவளுக்கு இரண்டும் இல்லை.

சென்னையில் 1812-ல் எல்லிஸ் முயற்சியால் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி அமைந்தது. தாண்டவராய முதலியார் போன்ற பெரும் புலமையாளர்கள் அங்கே பணியாற்றினார்கள். கற்றவர், கற்பித்தவர் இரு தரப்பும் ஆண்கள். நிறமும் அதிகாரமும் வேறாக இருந்தாலும், பெண்ணின் பேச்சைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேற்றுமை இருந்ததாகத் தெரியவில்லை. புலமை உள்ள பெண்கள் இல்லாமலும் இல்லை. பெஸ்கி, துய்ப்ளேக்ஸ் காலத்தை ஒட்டித்தான் தஞ்சை மராட்டிய அரசவையில் முத்துப்பழனி தெலுங்கில் காவியம் எழுதினார். அவர் தேவதாசி மரபினர். பின்னாளில் அந்தக் காவியத்தைப் பெங்களூர் நாகரத்தினம்மாள் 1910-ல் பதிப்பித்ததும், ஆங்கில அரசு அதைத் தடைசெய்ததும் பலரும் அறிந்த செய்தி.

பாலும் மரியாதையும்

ஐரோப்பியர் தமிழுக்குள் வந்தபோது அவர்கள் கையில் இருந்த பால் பாகுபாடு வேறு. பிரெஞ்சில் மேசையும் பெண்பால், சூரியனும் ஆண்பால். நூறு பெண்களோடு ஒரு ஆண் நின்றால் பன்மைச் சொல் ஆண்பால் ஆகிவிடும். இதற்கு ஒரு நியாயமும் சொல்லப்பட்டது. பதினேழாம் நூற்றாண்டின் வோழ்லா ஆண்பாலை மேன்மையானது என்றார். 1767-ல் பொசே என்ற இலக்கண ஆசிரியர், ஆண் பெண்ணைவிட உயர்ந்தவன் என்பதால் ஆண்பாலும் உயர்ந்தது என்று காரணம் காட்டினார். புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரர் ஆண்ட அதே காலம் அது.

தமிழில் உயர்திணை, அஃறிணை என்பதே முதல் பிரிவு. ஆண்பால், பெண்பால் இரண்டும் உயர்திணை. பன்மைக்குப் பலர்பால் இருவருக்கும் பொது. ஆண் பெண்ணை விழுங்குவதில்லை. தெலுங்கில் ஒருமையில் பெண்ணுக்கும் பொருளுக்கும் ஒரே வினைமுடிவு. பன்மையில் பெண் ஆணோடு சேர்ந்துகொள்கிறாள். ஒவ்வொரு மொழியும் பாலை ஒவ்வொரு விதமாக வகுக்கிறது, அதில் இயற்கைச் சட்டம் எதுவும் இல்லை என்பதற்கு இவை போதும்.

ஆனால் தமிழ் இலக்கணம் பெண்ணுக்கு நியாயம் செய்தது என்று பெருமைப்பட்டு நின்றுவிட முடியாது. தமிழில் ஏற்றத்தாழ்வு மரியாதையில் ஒளிந்திருக்கிறது. வா, வாரும், வாருங்கள். நீ, நீர், நீங்கள். இந்தப் படிகளை வெளிநாட்டார் எழுதிய இலக்கணங்கள் விவரமாகச் சொல்லின. யாரை எப்படி ஏவலாம் என்பது ஆள்பவனுக்கு அவசியமான அறிவு. பிரெஞ்சுக்காரரிடமும் 'த்யூ', 'வூ' என்ற இரண்டு படிகள் இருந்தன; தங்கள் காலனிகளில் உள்ளூர்க்காரர்களை வயது பாராமல் 'த்யூ' என்றே அழைத்த பழக்கம் பேர்போனது. இங்கோ நிலக்கிழார் வீட்டுச் சிறுவன் சேரியின் முதியவளை 'வாடி' என்பது அதற்கும் முன்பே இருந்தது. இரண்டு ஏணிகளும் ஒன்றோடொன்று பொருந்தின.

வீட்டுக்குள் இந்த இலக்கணம் எந்த நூலிலும் இல்லாமலே செல்லுபடியாகிறது. கணவன் 'அவரு', மனைவி 'அது' அல்லது 'எங்க வூட்டுல'. அவன் அவளைப் பெயர் சொல்லலாம், 'அடியே' என்னலாம். அவள் அவன் பெயரைச் சொல்லக் கூடாது. பிள்ளையின் பெயரோடு 'அப்பா' சேர்த்துச் சுற்றிச் சொல்ல வேண்டும். பெயரைச் சொல்லாமல் ஒருவரைக் குறிக்க எத்தனை வழிகளைப் பெண்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள்! அதுவே ஒரு தனி இலக்கணம். அதை யாரும் எழுதவில்லை.

அகராதியும் கன்னியர் மடமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் முசே, துய்ப்புய் என்ற இரு பிரெஞ்சுப் பாதிரியார்கள் தொகுத்த தமிழ்-பிரெஞ்சு அகராதி இரண்டு பாகங்களாக 1855, 1862 ஆண்டுகளில் மிஷன் அச்சகத்தில் வெளிவந்தது. 1863-ல் பிரெஞ்சு-தமிழ் இலக்கணமும் அங்கே வந்தது. இந்தத் துய்ப்புய் பாதிரியார்தான் 1844-ல் புதுச்சேரியில் பெண்பிள்ளைகளுக்குக் கல்வி கொடுப்பதற்காகத் தமிழ்ப் பெண்களைக் கொண்டே ஒரு கன்னியர் சபையைத் தொடங்கியவர். படித்த பெண் என்றால் தேவதாசி என்று பேசிய காலம் அது. அந்தச் சூழலில் துறவாடை அணிந்த தமிழ்ப் பெண் கரும்பலகை முன் நின்று எழுத்துச் சொல்லிக்கொடுத்தது சின்ன மாற்றமல்ல.

அந்தப் பள்ளிக்கும் அதற்கேயான நோக்கம் இருந்தது. நல்ல கிறிஸ்தவ மனைவி, நல்ல தாய் என்பதே அதன் இலக்கு. ஆனால் எழுத்து ஒருமுறை கைக்கு வந்துவிட்டால், கொடுத்தவர் நினைத்த இடத்தோடு அது நிற்பதில்லை. காலனிக் கல்வியைப் பற்றிப் பேசும்போது நாம் பற்றிக்கொள்ள வேண்டிய இழை இதுதான். யார் கொடுத்தார், எதற்குக் கொடுத்தார் என்பதோடு, வாங்கியவள் அதை வைத்து என்ன செய்தாள் என்பதும் வரலாறு.

இன்று நம் கையில்

பாகூர், வில்லியனூர்ப் பக்கத்துப் பெண் 'வந்துகினு இருந்தேன்', 'இட்டுனு போனாங்கோ' என்று பேசுவதைக் கேட்டால், நகரத்துப் பள்ளியில் சிரிக்கிறார்கள். கொச்சை என்கிறார்கள். 'வந்துகினு' என்பதில் இருக்கும் தொடர்வினை முறை, 'வந்துகொண்டு' என்பதன் ஒழுங்கான வளர்ச்சி. ஒவ்வொரு வினையிலும் அது தவறாமல் அதே இடத்தில் வரும். ஒழுங்கு இருக்கும் இடத்தில் இலக்கணம் இருக்கிறது என்று மொழியியல் சொல்கிறது. ஆனால் அலுவலகத்தில் மனு கொடுக்கப் போகும் அதே பெண், தன் குறையைத் தன் சொற்களில் சொன்னால் எடுபடாது என்று பயந்து, எழுதிக்கொடுக்கிறவருக்குக் காசு கொடுக்கிறாள். அவர் எழுதும் 'தாழ்மையுடன் விண்ணப்பித்துக்கொள்கிறேன்' என்ற தமிழில் அவளுடைய கோபம் காணாமல் போகிறது. நிலப் பட்டாவிலும் ஓய்வூதியத்திலும் கணவன் அடித்த வழக்கிலும் இந்த இழப்புக்கு விலை உண்டு.

இந்த அச்சத்துக்குப் பெஸ்கியையோ துய்ப்புயையோ மட்டும் குற்றம் சொல்ல முடியாது. புலவர்களின் பெருமை, சாதியின் காவல், கம்பெனியின் தேவை, சபையின் ஒழுக்கம் நான்கும் சேர்ந்து கட்டிய படிக்கட்டு இது. மாணவிகள் பழைய இலக்கண நூல் ஒன்றைக் கையில் எடுத்தால் சில கேள்விகளோடு படிக்கலாம். இதை எழுத யார் பணம் கொடுத்தார்? எடுத்துக்காட்டு வாக்கியங்களில் யார் யாரை ஏவுகிறார்? முன்னுரையில் யாருக்கு நன்றி? பெண் எங்கே வருகிறாள், எழுவாயாக வருகிறாளா, செயப்படுபொருளாக வருகிறாளா?

அதோடு இன்னொரு வேலையும் இருக்கிறது. நடவுப் பாட்டும் ஒப்பாரியும் தெரிந்த கிழவிகள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். நடவு எந்திரம் வந்த வயல்களில் பாட்டு குறைந்துவருகிறது. கைப்பேசியில் பதிவு செய்ய அரை மணி நேரம் போதும். பதிவு செய்தால் மேலே பாடியவரின் பெயரை எழுதுங்கள், அவர் சம்மதத்தோடு. நானூறு ஆண்டுகளாக முன்னுரைகளில் விடுபட்டுப்போனது அந்த ஒரு வரிதான்.